ராகுகாலத்தில் எழுதிய வரி

ஆனி மாதச் சாரலில் அவர் எங்கள் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் ஏறி வந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. தலைமுடியிலிருந்து தண்ணீர் வழிந்து மூக்கு நுனியில் சொட்டியது. இரண்டு கைகளாலும் ஒரு பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். அவருடைய மழைக்கோட்டு பெட்டியின் மேல் இருந்தது. அதன் கைகள் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தார். வரவேற்பு மேசையில் இருந்த பெண் சிரித்துவிட்டாள். "என்ன அண்ணாச்சி, கைப்பிள்ளைய தூக்கிட்டு வார மாதிரி வாரிய?" என்றாள். "பிள்ளை நனஞ்சா தும்மும், தொடச்சு விட்டுரலாம். இது நனஞ்சா சத்தமில்லாம செத்துப்போயிரும்லா" என்றார் அவர்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது எங்கள் புதிய சர்வர். அதில்தான் என் மகளுடைய பெயருக்கு நேரே இருக்கவேண்டிய ஒரு வரி இல்லாமல் போயிற்று. அந்த வரி இல்லாததால் அவள் சாகக் கிடந்தாள். அதற்கான பழி அவர்மேல் விழுந்தது. அவருக்கு இந்த ஊரில் இருந்த நல்ல பெயர் போயிற்று. பழியில் பெரும்பங்கு என்னுடையது என்று தெரிந்தும் நான் பேசாமல் இருந்தேன். மகள் இப்போது நன்றாக நடமாடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். ஆனாலும் அவள் வீட்டுக்கு வரப் பத்து நிமிடம் தாமதமானால் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறேன்.

தென்காசியில் மூத்த மருத்துவர் ஒருவர் நடத்தும் சிறிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வீரகேரளம்புதூரிலும் வாசுதேவநல்லூரிலும் எங்களுக்குக் கிளைகள் உண்டு. மூன்று இடத்துக் கம்ப்யூட்டர்களையும் கவனித்துக்கொள்ளத் தனியாக ஆள் வைக்கிற அளவுக்கு நாங்கள் பெரியவர்கள் இல்லை. எங்களைப் போன்ற சிறிய இடங்களுக்காகவே அவர் இருந்தார். ஒரு ஜவுளிக்கடை, குற்றாலத்தில் ஒரு லாட்ஜ், செங்கோட்டைப் பக்கம் ஒரு மரக்கடை என்று பத்துப் பன்னிரண்டு இடங்களின் சர்வர்களை, குற்றாலம் ரோட்டில் ஒரு மாடி அறையில் இருந்துகொண்டே பார்த்துக்கொள்வார். ஏதாவது நின்றுபோனால் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஊரில் எல்லோருக்கும் அவர் சர்வர் அண்ணாச்சி. முதல் நாள் வந்தபோது எங்கள் வாட்ச்மேன், "எந்த ஓட்டல்ல சர்வரா இருக்கிய?" என்று கேட்டாராம். "எல்லா ஓட்டல்லயும்தான். கேட்டத கேட்ட எடத்துல கொண்டுபோய் வைக்கணும், அம்புட்டுதான் சோலி" என்று சொல்லிவிட்டு மேலே ஏறி வந்திருக்கிறார்.

ஒரு பெட்டிக்குள் நான்கு சர்வர் ஓடுகிறது என்று அவர் சொன்னபோது எனக்குப் புரியவில்லை. விர்ச்சுவல் என்ற சொல்லை ஒருமுறை சொல்லிப் பார்த்து, என் முகத்தைக் கண்டு விட்டுவிட்டார். "ஒரு வளவுக்குள்ள நாலு குடித்தனம் இருக்குன்னு வைங்க, தங்கச்சி. மருந்துக்கடை ஒரு வீடு, உங்க பதிவு ஒரு வீடு, பில்லு ஒரு வீடு, ஸ்கேன் ஒரு வீடு. அடுப்பு வேற, கதவு வேற. கெணறு மட்டும் ஒண்ணு. ஒரு வீட்டுல பானை ஒடஞ்சா அடுத்த வீட்டுக்குள்ள தண்ணி போவக்கூடாது. அத நான் பாத்துக்கிடுதேன்." தென்காசியில் இருப்பதற்கு ஒரு நகல் வாசுதேவநல்லூரில் இருக்கும், அங்கே இருப்பதற்கு ஒன்று இங்கே. மழையில் ஒரு ஊரே இருட்டில் கிடந்தாலும் இன்னொரு ஊரில் பதிவு பத்திரமாக இருக்கும். கிளைகளில் எங்கே பெயரைத் தட்டினாலும் ஒரே பக்கம்தான் வரும். எங்கள் நர்சுகள் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் திரையைப் பார்க்கப் பழகியது அதனால்தான். அந்தத் திரை ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

புதிய சர்வருக்கு மாறியது ஒரு வெள்ளிக்கிழமை. பழைய பெட்டி கொஞ்ச நாளாகவே இரைந்துகொண்டிருந்தது. அவர் காலையிலேயே வந்து எங்கள் பதிவுகள் முழுவதையும் புதியதற்கு நகல் எடுத்தார். பத்தேகால் வாக்கில் முடிந்தது. பழையதை நிறுத்திவிட்டுப் புதியதைத் திறக்கவேண்டியதுதான் பாக்கி. அப்போது மேடம் வந்தார். மேடம் என்றால் மூத்த மருத்துவரின் மனைவி. நிர்வாகம் முழுக்க அவர் கையில்தான். கையில் குங்குமச் சிமிழும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வைத்திருந்தார்.

"அண்ணாச்சி, இன்னிக்கு வெள்ளிக்கிழமைல்லா. பத்தரைலேருந்து பன்னெண்டு வரைக்கும் ராகுகாலம். புதுசு பாருங்க, பன்னெண்டுக்கு மேல தொறந்துருவோமே."

"காப்பி எடுத்து முடிச்சுட்டேனே மேடம்" என்று இழுத்தார் அவர்.

"ஒன்றரை மணி நேரம்தான?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "சரி மேடம். நானும் என் ரூமை நல்ல நேரம் பாத்துத்தான் தொறந்தேன். பன்னெண்டுக்கே வச்சுக்கிடுவோம்."

கிண்டலாகச் சொல்லவில்லை. அவர் மனசாரத்தான் சம்மதித்தார். எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு, பன்னிரண்டு மணி வரைக்கும் யாரும் கம்ப்யூட்டரில் எதையும் ஏற்றக்கூடாது, தாளில் எழுதி வையுங்கள், புதியது திறந்ததும் ஏற்றிக்கொள்ளலாம் என்றார். மருந்துக்கடையில் பழைய சீட்டுகளைப் பார்க்கவேண்டியிருக்கும் என்பதால் பழைய சர்வரை ஓடவிட்டார். "பாக்கலாம், எழுதக்கூடாது. இனிமே அதுல எழுதுனா தண்ணியில எழுதுன மாதிரி" என்று என்னைப் பார்த்தே சொன்னார். நான் தலையாட்டினேன். அவர் கீழ்த்தளத்து ஸ்கேன் அறைக்கு வயர் பார்க்கப் போனார்.

கொஞ்ச நேரத்தில் என் கணவர் மகளை பைக்கில் வைத்துக்கொண்டு வந்தார். தொண்டைவலிக்குக் கொடுத்த மாத்திரையில் முதல் மாத்திரையைப் போட்டிருக்கிறாள். உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பி, உதடு வீங்கி, ஒரு கண் மூடிப்போயிருந்தது. மருத்துவர் உடனே ஊசி போட்டார். அரை மணி நேரத்தில் தடிப்பு அடங்கத் தொடங்கியது. அதன்பிறகு மருத்துவர் என் பக்கம் திரும்பி, "இந்த வகை மருந்து இவளுக்கு மாத்திரையாவும் கூடாது, ஊசியாவும் கூடாது. பதிவுல ஏத்திருங்க, மறந்துராதிய" என்றார்.

என் மேசையில் தாள் இருந்தது. பேனாவும் இருந்தது. அண்ணாச்சி சொன்னது காதில் இருந்தது. ஆனால் அது என் மகள். ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துவிட்டுக் காத்திருக்க என்னால் முடியவில்லை. தாள் பறந்துபோய்விடும், யாராவது டீக்கோப்பையை அதன்மேல் வைத்துவிடுவார்கள், நானே மறந்துவிடுவேன் என்றெல்லாம் மனம் பதறியது. திரையில் அவளுடைய பக்கம் திறந்தே இருந்தது. மருந்தின் பெயரைத் தட்டினேன். ஒவ்வாமை என்று பதிந்தால் பக்கத்தின் தலைப்பில் சிவப்புப் பட்டை ஒன்று வரும். வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு சீராயிற்று. வேறு எந்த நோயாளியின் விவரத்தையும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் நான் கம்ப்யூட்டரில் ஏற்றவில்லை. எல்லாவற்றையும் ஒழுங்காகத் தாளில்தான் எழுதினேன். என் பிள்ளைக்கு மட்டும் விதியை மீறினேன்.

பன்னிரண்டு அடித்ததும் மேடம் புதிய பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். அண்ணாச்சி பழையதை நிறுத்திவிட்டுப் புதியதைத் திறந்தார். பத்தேகாலுக்கு எடுத்த நகல் அதில் உயிர் பெற்றது; வாசுதேவநல்லூரில் இருக்கும் நகலும் அதன்படியே மாறிக்கொண்டது. எல்லோருக்கும் கேசரி வந்தது. தாள்களில் இருந்ததையெல்லாம் நான் சாயங்காலத்துக்குள் ஏற்றிவிட்டேன். மகளுடைய பக்கத்தை மட்டும் திறந்து பார்க்கவில்லை. அதைத்தான் என் கண்ணாலேயே பார்த்துவிட்டேனே.

ஆடி மாதம் வாசுதேவநல்லூரில் அவளுடைய அத்தை வீட்டுப் பக்கம் கோயில் கொடை விழா. லீவு நாளாக இருந்ததால் மகள் போயிருந்தாள். வேலிக்கம்பி காலில் ஏறி, ஆழமான காயம். அத்தை அவளை எங்கள் கிளை ஆஸ்பத்திரிக்கே கூட்டிக்கொண்டு போனாள். நம்ம இடம், நம்ம பதிவு என்ற தைரியம். ஊசிக்கு முன்னால், ஒத்துக்கொள்ளாத மருந்து உண்டா என்று நர்ஸ் வழக்கம்போல் கேட்டிருக்கிறாள். மகள், "ஏதோ ஒரு மருந்து எனக்கு ஒத்துக்கிடாதுன்னு சொன்னாவ. பேரு எங்கம்மாவுக்குத்தான் தெரியும்" என்று சொல்லியிருக்கிறாள். நர்ஸ் திரையைப் பார்த்தாள். "அப்படி ஒண்ணும் இங்க இல்லையேம்மா. உங்கம்மாவே பாக்குற பதிவுல்லா, இருந்தா ஏத்தாம இருப்பாவளா?" முதலில் சிறிதளவு மட்டும் ஏற்றிப் பார்த்தார்கள். அந்தச் சிறிதளவே போதுமாக இருந்தது.

கடையநல்லூர், புளியங்குடி வழியாக அந்தக் காரில் நான் எப்படிப் போனேன் என்று தெரியாது. போய்ச் சேர்ந்தபோது அவள் ஆக்சிஜன் முகமூடியோடு கிடந்தாள். கழுத்தும் முகமும் யாருடையவோ போல இருந்தன. மாற்று மருந்து கைவசம் இருந்ததால் பிழைத்தாள் என்றார்கள். நான் அழவில்லை. நர்சின் மேசைக்குப் போய் மகளுடைய பக்கத்தைப் பார்த்தேன். தலைப்பு வெள்ளையாக இருந்தது. எந்த வெள்ளிக்கிழமை, எந்த மணி, எந்த விரல் என்பதெல்லாம் அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்று பிற்பகலிலேயே அண்ணாச்சி வாசுதேவநல்லூருக்கு வந்துவிட்டார். வார்டு வாசலில் நின்றுகொண்டிருந்த என்னிடம், "பிள்ளை எப்படி இருக்கா?" என்று மட்டும் கேட்டார். மாற்றிய பழைய சர்வரை உடனே அழிக்காமல் சில வாரம் தன் அறையில் வைத்திருப்பது அவர் வழக்கம். அதை ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். யார் பெயரில் எத்தனை மணிக்கு அந்த வரி பதிவாகியிருந்தது என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரிந்தது.

மறுநாள் தென்காசியில் மேடம் அறையில் விசாரணை. மருத்துவரும் இருந்தார். அண்ணாச்சி நின்றுகொண்டே பேசினார். "காப்பி எடுத்த பொறவு பழச பூட்டாம விட்டுட்டேன். அந்த நேரத்துல ஏத்துனது புதுசுக்கு வரல. தப்பு எம்மேலதான்."

"எழுதக்கூடாதுன்னு சொல்லித்தான போனிய? யாரு எழுதுனா?" என்றார் மேடம்.

"தொறந்து போட்டது நான். யாரு நுழஞ்சான்னு கேட்டு என்ன ஆவப்போவுது மேடம்?"

நான் சுவரோரம் நின்றிருந்தேன். வாயைத் திறந்தால் போதும். ஒரே ஒரு வாக்கியம். மகள் இன்னும் வார்டில் இருக்கிறாள், இப்போது முடியாது, வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிடுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த மாதத்தோடு அவருடைய வேலையை நிறுத்திக்கொள்ளும்படி மேடம் சொன்னார். ராகுகாலம் என்ற பேச்சை மேடமும் எடுக்கவில்லை, அண்ணாச்சியும் எடுக்கவில்லை. மகள் வீட்டுக்கு வந்தாள். நான் சொல்லவில்லை.

சிறிய ஊரில் செய்தி நடந்துபோவதில்லை, ஓடுகிறது. சர்வர் அண்ணாச்சி தப்பாக மாற்றியதால் ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளைக்கு உயிர் போகப் பார்த்தது என்று பேசிக்கொண்டார்கள். ஜவுளிக்கடைக்காரர் வேறு ஆளை வைத்துக்கொண்டார். குற்றாலத்து லாட்ஜும் நிறுத்திவிட்டது. இதையெல்லாம் நான் காதில் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய்வந்தேன்.

ஒருநாள் மகளோடு பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். அண்ணாச்சி எதிரே வந்தார். மகள் என் கையைப் பிடித்து, "எம்மா, அங்கன பாரு, என்னையக் கொல்லப் பாத்தவரு வாராரு" என்றாள். குரலைத் தாழ்த்தவில்லை. அவர் காதில் விழுந்தது. நின்றார், அவள் காலைப் பார்த்தார், கட்டு இல்லாததைக் கவனித்திருக்கவேண்டும். தலையை லேசாக அசைத்துவிட்டுப் போய்விட்டார்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். தாள், பேனா, சிவப்புப் பட்டை, விசாரணை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, "மேடத்துட்ட சொல்லிட்டியா?" என்றாள்.

"இன்னும் இல்லட்டி."

"சொல்லிட்டு வா. பொறவு சாப்பிடுதேன்."

"பள்ளிக்கூடத்துக்கு நேரமாவுதுல்லா?"

"நீ எனக்காண்டித்தான எழுதுன? எனக்காண்டியே போய்ச் சொல்லு."

சொன்னேன். மேடம் என்னை வைவார், வேலையை விட்டு அனுப்புவார் என்று நினைத்திருந்தேன். அவர் மேசைமேல் இருந்த கண்ணாடிக் குண்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். "பன்னெண்டுக்கு மேலன்னு சொன்னது நானு. அன்னிலேருந்து எனக்கும் தூக்கம் சரியில்ல" என்றார். அவரே அண்ணாச்சிக்குப் போன் செய்தார். ஜவுளிக்கடைக்கும் லாட்ஜுக்கும் நானே நேரில் போய் நடந்ததைச் சொன்னேன். ஜவுளிக்கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவரு நல்ல மனுசருன்னு எனக்குத் தெரியாமயாம்மா? ஆனா வேற ஆள வச்சாச்சே, அவனைய எப்படி அனுப்ப?" என்றார். லாட்ஜ்காரர் யோசிக்கிறேன் என்றார். உண்மையைச் சொன்னால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நான் நம்பியிருந்தது எவ்வளவு சிறுபிள்ளைத்தனம் என்று குற்றாலம் ரோட்டில் நடந்து வரும்போது தோன்றியது.

மகளையும் கூட்டிக்கொண்டு அவருடைய மாடி அறைக்குப் போனேன். அவள் வாசலிலேயே நின்றாள். "உள்ள வா தாயி. காலு ஆறிட்டா?" என்றார். அவள் அழத் தொடங்கினாள். அவர் அவளைத் தேற்ற முயலவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இருந்தது. அவரை நான் கோபமாகப் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"எல்லார்ட்டயும் போய் உங்க தப்புன்னு சொன்னியளாமே."

"ஆமா அண்ணாச்சி."

"என் தப்பையும் சேத்துச் சொன்னியளா?"

"இல்ல அண்ணாச்சி."

"அப்ப பாதிதான சொல்லிருக்கிய. மேடம் நேரத்தத் தள்ளி வச்சது அவங்க நம்பிக்கை, அதுல ஒரு குத்தமும் இல்ல. தொறக்குற நேரம் தள்ளிப்போச்சுன்னா காப்பியையும் பன்னெண்டுக்குத் திரும்ப எடுத்துருக்கணும். அது எனக்குத் தெரியணும்லா? அதுக்குத்தான என்னைய வச்சிருக்கு? பதறிப்போன தாய் ஒருத்தி எழுதத்தான் செய்வா. அவ எழுதுனாலும் போவாத மாதிரி நாந்தான் பண்ணிருக்கணும்."

அவர் எனக்கு ஆறுதல் சொல்வதாக முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. தன் வேலையில் தான் விட்ட ஓட்டையை யாரும் மன்னித்து அடைத்துவிடக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். அதனால் இங்கே இரண்டு பாதியையும் எழுதியிருக்கிறேன்.

போன மாதம் வாசுதேவநல்லூர்க் கிளையின் சர்வரை மாற்றினார்கள். மேடம் கூப்பிட, அவர் வந்தார். என்னையும் வரச் சொல்லியிருந்தார். இந்தமுறை மேடம் நல்ல நேரத்தை முதல் நாளே சொல்லிவிட்டார். அண்ணாச்சி அந்த நேரத்தில் பழையதைப் பூட்டி, பிறகு நகல் எடுத்து, புதியதைத் திறந்தார். எல்லாம் முடிந்ததும் தன் நாற்காலியிலிருந்து எழுந்து என்னை அதில் உட்காரச் சொன்னார்.

"நீங்க பாருங்க தங்கச்சி. நீங்க சரின்னு சொன்ன பொறவுதான் பழசுல கை வைப்பேன்."

பழையதை ஒரு திரையிலும் புதியதை ஒரு திரையிலும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டு போனேன். வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள். பெயர்கள் வந்துகொண்டே இருந்தன, எல்லாம் யாரோ பெற்ற பிள்ளைகள். கடைசிப் பெயர் வரைக்கும் பார்த்துவிட்டேன். எல்லாம் இருந்தது. 'சரி' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கேட்கவில்லை, கடிகாரத்தையும் பார்க்கவில்லை. பக்கத்து ஸ்டூலில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் முதல் பெயரிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.